ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே ஒரு ட்ரவுட்

ஆடி மாதத்தில் ஊட்டிக்காரன் குடையில்லாமல் வீட்டை விட்டு இறங்கமாட்டான். நானும் இறங்கவில்லை. குடை, மழைக்கோட்டு, முழங்கால் வரை ஏறும் ரப்பர் பூட்ஸ், தோளில் தூண்டில் குழல், கையில் சாமான் பெட்டி என்று இலங்கையில் பதுளை ஸ்டேஷனில் போய் இறங்கினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. பிளாட்பாரத்தில் நின்றவர்கள் என் பூட்ஸைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், பிறகு மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"என்னா அத்தான், வெள்ளம் வருதுன்னு யாரும் சொன்னாங்களா?" என்று சிரித்தபடி பெட்டியை வாங்கிக்கொண்டாள் செல்வராணி.

ராணி என் மனைவியின் சித்தி மகள். என் மனைவியின் குடும்பம் அந்தக் காலத்தில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து கோத்தகிரியில் குடியேறியது. சித்தி குடும்பம் இங்கேயே தோட்டத்தில் தங்கிவிட்டது. இத்தனை வருடமும் போனில் மட்டும் கேட்ட குரலுக்கு அன்றுதான் முகம் கிடைத்தது. நாற்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, பெரிய சிரிப்பு.

ஆடியில் மழை பெய்யாத மலையை நான் அதுவரை கண்டதில்லை. நமக்கு மழை கொண்டுவரும் அதே காற்று, இந்தத் தீவின் மேற்கு மலைகளில் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டு பதுளைப் பக்கமான ஊவாவுக்கு வெறுங்கையோடு வந்து சேர்கிறது. கச்சான் காற்று என்கிறார்கள். அது அடிக்கிற மாதங்களில்தான் இங்கே தேயிலைக்கு மணம் ஏறுமாம். எனக்கு மணமெல்லாம் ஏறவில்லை, பூட்ஸுக்குள் வேர்த்துக் கொட்டியது.

நான் ஊட்டியில் இருபத்தெட்டு வருடமாகத் தூண்டில் சாமான் கடை வைத்திருப்பவன். ட்ரவுட் மீனைப் பற்றி யார் கேட்டாலும் சொல்லுவேன், கேட்காவிட்டாலும் சொல்லுவேன். அதனால்தான் ராணி என்னைக் கூப்பிட்டாள். பஜாரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, இடியப்பமும் பருப்பும் காரச் சம்பலும் இலையில் விழுந்த பிறகு விஷயத்தைச் சொன்னாள்.

அவள் இருக்கும் தோட்டத்தில், அப்புத்தளைக்கும் மேலே, குளிரான உயரத்தில் ஒரு குளம். மூன்று வருடத்துக்கு முன் அதில் ட்ரவுட் குஞ்சுகளை விட்டார்கள். மழைக்காலத்தில் துள்ளும், வெயில் காலத்தில் இருக்கிற இடமே தெரியாது. பெண்கள் சங்கத்தின் மூலம் ராணிக்கு ஒரு ஃபைபர் படகு கிடைத்திருந்தது. தோட்டத்துப் பழைய பங்களாவில் தங்க வரும் வெளிநாட்டு விருந்தாளிகளை அதில் ஏற்றி மீன் பிடிக்கக் கூட்டிப்போக வேண்டும் என்பது அவள் ஆசை. தோட்டத்து மேனேஜர், இங்கத்து வழக்கில் பெரிய தொரை, ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு விருந்தாளி வருகிறார், தூண்டிலில் கைதேர்ந்தவர். ராணி அவரைக் கூட்டிப்போய் ஒரு ட்ரவுட்டைப் பிடிக்க வைத்தால் குளத்தில் படகு விடும் உரிமை அவளுக்கு. முடியாவிட்டால் கொழும்பிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் வேறொருவருக்கு.

"கெடைக்கலன்னா?" என்று கேட்டேன்.

"மாசக் கடைசில குவைத்துக்கு ஏறணும் அத்தான், வீட்டு வேலைக்கு. பாஸ்போர்ட் ஏஜென்டுகிட்ட இருக்கு. இப்பகூட மெடிக்கல் பேப்பர் குடுத்துட்டுத்தான் வர்றேன்." சற்று நிறுத்தினாள். "முந்தி ஒரு தடவ போயிட்டு ரெண்டு வருசம் கழிச்சு வந்தேன். வாசல்ல நின்னு தர்ஷினின்னு கூப்புடுறேன், புள்ள ஓடிப்போயி கதவுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டா. அப்ப நாலு வயசு. இந்த ஆன்ட்டி யாருன்னு அவ அப்பாகிட்ட கேக்குறா."

சொல்லிவிட்டு இடியப்பத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. நான் பருப்பை அவள் பக்கம் தள்ளிவிட்டு, "ட்ரவுட்தானே, என்கிட்ட விடு" என்று மார்தட்டினேன். அந்தத் தட்டலுக்கு இரண்டே நாளில் பதில் சொல்ல வேண்டி வந்தது.

ராணியின் வீடு ஒரு லயத்தில், ஒட்டிக் கட்டிய பத்து வீடுகளின் வரிசையில் கடைசி. இரண்டு காம்பராக்களில் ஒன்றை எனக்காக ஒழித்துத் தந்துவிட்டு, ராணியும் கணவரும் மகள் தர்ஷினியும் மற்றதில் நெருக்கிக்கொண்டார்கள். காம்பரா என்றால் இங்கே அறை. கணவர் ஜெயபால் தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்பவர், அதிகம் பேசாதவர். காலையில் எழுந்ததும் சாயத்தண்ணி தந்தார்கள். பாலில்லாத கட்டித் தேநீர். சீனி உள்ளே இல்லை, உள்ளங்கையில் தருகிறார்கள். நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். ஊட்டியில் பாலில் தேயிலையைக் குளிப்பாட்டிக் குடித்துப் பழகிய எனக்கு அன்றுதான் தேயிலையின் ருசி தெரிந்தது. கூடவே தேங்காய் ரொட்டி, கட்டைச் சம்பல். நான்கு ரொட்டி சாப்பிட்டேன், ஐந்தாவதை வெட்கத்துக்காக மறுத்தேன்.

வியாழன் காலை குளத்துக்குப் போனோம். சுற்றிலும் தேயிலை மலைகள், நடுவில் மடித்துப் போட்ட துண்டைப் போலச் சின்னதாக ஒரு குளம். கரையில் முனியாண்டி சாமிக் கல்லுக்கு ராணி சூடம் ஏற்றினாள். புதுவண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கலாம். சக்கரமே இல்லாத வண்டிக்கு எங்கே வைப்பது? ராணிக்கு இதில் குழப்பமே இல்லை. இரண்டு துடுப்புகளின் கீழும் ஒவ்வொரு பழத்தை வைத்து நறுக்கென்று மிதித்தாள். "இதுதானே அத்தான் இதுக்குச் சக்கரம்" என்றாள்.

நான் பெட்டியைத் திறந்தேன். இறகால் கட்டிய பூச்சிகள், விரல்நுனி அளவுச் சுழல்தகடுகள், சிவப்பு வெள்ளைத் தக்கைகள். மூன்று மணிநேரம் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டேன். கச்சான் காற்று தொடங்கி எங்களைக் கரைக்குத் தள்ளும்வரை ஒன்றும் தொடவில்லை.

கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. ஊட்டியில் ஆடியில் ஏரி முழுக்கச் சில்லென்று கலங்கிக் கிடக்கும். மழை அடித்துக்கொண்டு வரும் பூச்சி புழுவைத் தின்ன ட்ரவுட் மேலேயே திரியும். நான் கொண்டுவந்தது அத்தனையும் அந்த ஆடிக்கான சாமான். இது வெயில் காலக் குளம். ட்ரவுட்டுக்குச் சூடு ஆகாது. எங்கோ அடியில், குளிர்ந்த தண்ணீரில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். காலண்டரில் ஆடி என்று பார்த்ததும் பெட்டியைக் கட்டிய என் புத்தியை என்ன சொல்வது.

ராணியிடம் ஒப்புக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை.

"அப்ப கீழதான் இருக்கா? சரி, கீழ போற சாமான் எது?"

"ஊட்டியில இருக்கு."

துடுப்பைக் கரையில் சாய்த்துவைத்தாள். பிறகு, "நாளைக்கிப் பெரகல போவோம்" என்றாள்.

பெரகல சந்தியில் நாலாபுறமும் போகிற பஸ்கள் நின்று மூச்சு வாங்கும். தோட்டத்து ஆட்களுக்கு வேண்டிய எல்லாம் கிடைக்கும் கடைகள் அங்கே உண்டு. நான் தூண்டில் நரம்பு கேட்டேன், கடைக்காரருக்குப் புரியவில்லை. ராணி தங்கூசி என்றதும் கட்டுக் கட்டாக வந்தது. ஈயக்குண்டு இல்லை, அதற்குப் பதில் கனமான இரும்பு நட்டுகள். பிறகு பளபளவென்று ஆறு தேக்கரண்டி.

"வீட்டுல விசேஷமா ஐயா?" என்றார் கடைக்காரர்.

"மீனுக்கு."

"கொழம்புக்கு அகப்பைதானே நல்லது" என்றார். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. கைப்பிடியை வெட்டி எறிந்துவிட்டு, இரு முனையிலும் துளை போட்டு, ஒரு முனையில் தூண்டில் முள் மாட்டினால், ஆழத்தில் இழுக்கும்போது தேக்கரண்டி சின்ன மீனைப் போலப் புரண்டு மினுங்கும். பெரிய மீன் ஏமாந்து கவ்வும்.

திரும்பும் பஸ்ஸில்தான் அந்தக் கூத்து. கொண்டை ஊசி வளைவில் டிரைவர் ஒடித்த ஒடிப்பில் மடியிலிருந்த என் பெட்டி வாயைப் பிளந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட தூண்டில் முட்கள் பஸ் முழுக்கச் சிதறின. "யாரும் காலை அசைக்காதீர்கள்! உட்கார்ந்தவர்கள் எழும்பாதீர்கள்! நின்றவர்கள் உட்காராதீர்கள்!" என்று கண்டக்டர் சிங்களத்தில் கத்தியதாக ராணி மொழிபெயர்த்தாள். பஸ்ஸை ஓரங்கட்டினார்கள். எங்கள் ஊராக இருந்தால் என்னை முதலில் இறக்கிவிட்டிருப்பார்கள். இங்கே பஸ் முழுக்கக் குனிந்து பொறுக்கியது. ஒரு பெரியம்மா தன் முந்தானையில் மாட்டிய ஆறு முட்களையும் துணி கிழியாமல் கழற்றி என் கையில் எண்ணி வைத்துவிட்டு, "மீன் மாட்டுனா சொல்லி அனுப்புங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து பொறுக்குவதுபோல் மறைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஜெயபால் ஒரு தெர்மாமீட்டரோடு வந்தார். கொழுந்து வாட்டும் மாடியில் காற்றின் சூடு பார்க்க வைத்திருப்பது. ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கரிடம் கேட்டு ஒருநாளைக்கு வாங்கி வந்திருந்தார். குளிர்ந்த தண்ணீர் எங்கே என்று நான் வியாழக்கிழமை புலம்பியதைக் கேட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் அவரே யோசித்த வழி இது. ஒரு கண்ணாடிப் போத்தலில் கல் கட்டி, தெர்மாமீட்டரை உள்ளே விட்டு, வாயைத் தளர்வாகத் தக்கையால் அடைத்தார். சணல் கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு. போத்தலை இறக்கி, தக்கையில் கட்டிய நூலை வெடுக்கென்று இழுத்தால் அந்த ஆழத்துத் தண்ணீர் உள்ளே நிறையும். மேலே தூக்கிப் படித்துக்கொள்ளலாம். இருபத்தெட்டு வருடம் கடை வைத்தவனுக்கு இது தோன்றவில்லையே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

மேல்தண்ணீர் இருபத்தொரு டிகிரி காட்டியது. மதகுப் பக்கம்தான் ஆழம் அதிகம், அங்கே அடியில் பதினெட்டு. ட்ரவுட்டுக்கு இந்தக் குளிர் போதாது. பத்து இடத்தில் இறக்கினோம், எங்கும் பதினெட்டுதான். நான் வாய்விட்டுத் திட்டத் தொடங்கினேன். ராணி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்க்காமல் மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான், அந்தா ஏழாம் நம்பர் மலையப் பாருங்க."

இங்கே தேயிலைத் தோட்டத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒரு மலை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். எனக்கு எல்லாம் ஒரே பச்சையாகத் தெரிந்தது.

"நல்லாப் பாருங்க. இந்தக் கச்சானுக்கு எல்லா மலையும் காஞ்சு கெடக்கு. ஏழாம் நம்பர்ல தண்ணி ஓரத்து ரெண்டு நெரையில மட்டும் கொழுந்து நிக்குது. நான் பன்னெண்டு வருசம் கொழுந்தெடுத்த மலை அது. வெயில் காலத்துல அந்த ரெண்டு நெரைக்குத்தான் பொம்பளைங்க எல்லாம் சண்ட போடுவோம். அங்க நின்னா கூடை சீக்கிரம் நெறஞ்சிரும்." துடுப்பை எடுத்தாள். "அடியில ஊத்து இருக்கணும். ஊத்து கரையோட நின்னுருமா? கொளத்துக்குள்ளயும் வரத்தானே செய்யும்."

அந்த இரண்டு நிரைகளுக்கு நேர் எதிரே, கரையிலிருந்து முப்பது அடி தள்ளிப் போத்தலை இறக்கினோம். பத்து முடிச்சு போய்த் தரை தட்டியது. தூக்கினேன். பதினைந்து. போத்தலுக்கு ஒரு முத்தம் கொடுத்தேன். ஜெயபால் அன்றுதான் முதன்முறையாகச் சிரித்தார்.

தேக்கரண்டியை அந்த இடத்துக்கு மேலாக இழுத்துக்கொண்டு போனோம். ஒரு முறை டொக்கென்று ஒரு தட்டு, பிறகு ஒன்றுமில்லை. இருந்தாலும் மீன் இருப்பது உறுதியாயிற்று. ராணி ஒரு டின்னில் மண்புழு கொண்டுவந்திருந்தாள், ஃபேக்டரியின் கழிவுத் தேயிலை மக்கிய குவியலில் தோண்டியது. நீட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ட்ரவுட் பெரிய இடத்து மீன், புழுவைக் காட்டி அவமானப்படுத்தக்கூடாது என்று ஒரு பிரசங்கமே செய்தேன். மெதுவாகத் துடுப்புப் போட்டு வட்டமாகப் படகை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நிற்கவே கூடாது, கரண்டி ஓடினால்தான் மினுங்கும் என்று மூன்று முறை சொல்லிக்கொடுத்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு விருந்தாளி வந்தார். எழுபதைத் தாண்டிய நார்வேக்கார அம்மா. சொந்தத் தூண்டில், நரைத்த சடை, உறுதியான கை. நானும் படகில் ஏறக் காலைத் தூக்கினேன். கூட வந்த பங்களா ஆள், ராணி மட்டும் போகட்டும் என்று பெரிய தொரை சொல்லி அனுப்பியிருப்பதாகத் தடுத்தார். நியாயம்தான், படகு விடப்போவது நானில்லையே. ஜெயபாலும் நானும் கரையில் முனியாண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். என் கடையில் எத்தனையோ பேருக்குத் தூண்டில் விற்றிருக்கிறேன், அவர்களில் யாருக்காகவும் இப்படிச் சாமி கும்பிட்டதில்லை.

ஒரு மணி நேரம் ராணி நான் சொன்னபடி வட்டமடித்தாள். ஒன்றுமில்லை. மதகுப் பக்கம் கார்ப் மீன்கள் மேலே வந்து வாய் திறந்தன. நார்வேக்கார அம்மா அங்கே கையைக் காட்டி, "அங்கே போகலாமே" என்பது அமைதியான தண்ணீரில் தெளிவாகக் கேட்டது. ராணி ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். குவைத்தில் ஒரு வீட்டில் சமைத்துத் துடைத்துக் கற்ற ஆங்கிலம். "மேடம், அது வேறு மீன். எனக்கு இன்னும் பத்து நிமிடம் தாருங்கள்."

ஏழாம் நம்பர் மலைக்கு நேராக வந்ததும் அவள் துடுப்பை உள்ளே இழுத்துப் போட்டாள். கல் நிரப்பிய இரண்டு கொழுந்துச் சாக்குகளை நங்கூரமாக இறக்கினாள். படகு நின்றுவிட்டது.

"நிக்கக் கூடாதுன்னு சொன்னேனே!" என்று நான் எழுந்துவிட்டேன். அடுத்து அவள் தூண்டிலை வாங்கி என் தேக்கரண்டியைக் கழற்றுவது தெரிந்தது. டின்னைத் திறந்தாள். "புழு போடுறா! ஜெயபால், உங்க வீட்டம்மா புழு போடுறா!"

"பேசாம உக்காருங்கண்ணே" என்றார் ஜெயபால்.

ஏழரை மணி இருக்கும். தேயிலை மலைகளின் உச்சியில் காற்று தொடங்கிவிட்டது. குளத்துக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம்தான். நார்வேக்கார அம்மாவின் தூண்டில் நுனி மெல்லக் குனிந்தது, நிமிர்ந்தது, பிறகு ஒரேயடியாகத் தண்ணீரைத் தொட்டது. அந்த அம்மா போட்ட கூச்சலில் மலையிலிருந்த காகங்கள் எழும்பின. படகு ஆடியது. ராணி வலையோடு மண்டியிட்டாள். மறுபடி எழுந்தபோது வலைக்குள் வெள்ளியும் இளஞ்சிவப்புமாக, முழங்கையளவு, புள்ளி புள்ளியாக ஒன்று உதறிக்கொண்டிருந்தது. நான் ஜெயபாலைக் கட்டிப்பிடித்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த அம்மா வலையின் மேல் ஒரு நொடி குனிந்தார், பிறகு மீனை இரண்டு கையாலும் தண்ணீருக்குள் பிடித்து, மெல்ல விட்டுவிட்டார்.

"ஐயோ, விட்டுட்டாங்களே! தொரை இன்னும் பாக்கலயே!" என்று கத்தியது, அதிகம் பேசாத ஜெயபால்.

பெரிய தொரை வந்தபோது எட்டரை. காற்றுக்குப் பயந்து படகு கரையேறியிருந்தது. ராணி அவர் முன்னால் வெறுங்கையோடு நின்றாள், முகத்தில் ரத்தமே இல்லை. நார்வேக்கார அம்மா, மீனை வலையில் வைத்து எடுத்த படத்தைப் போனில் காட்டினார். தொரை படத்தைப் பார்த்தார், பெரிதாக்கிப் பார்த்தார். "எங்கே கிடைத்தது?" என்றார். அந்த அம்மா ராணியைக் காட்டி, "அது இவருக்குத்தான் தெரியும். நாளைக்கும் ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்" என்றார். தொரை போனைத் திருப்பிக் கொடுத்தார். "அப்போ நாளைக்கு அவங்களைக் கூட்டிப் போயிட்டு, ஒன்பது மணிக்கு ஆபீஸுக்கு வா ராணி. கடிதம் தர்றேன்."

ராணி அழவில்லை. முனியாண்டி கல்லின் பக்கம் திரும்பி நின்று, முந்தானையால் முகத்தை இரண்டு முறை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

பகலில் சாயத்தண்ணி குடிக்கும்போது என் கரண்டிக்கு நியாயம் கேட்டேன்.

"கோச்சுக்காதீங்க அத்தான். ஒரு மணி நேரம் நீங்க சொன்ன மாதிரிதான் ஓட்டுனேன். ஆனா அந்தக் குளிரு எடம் ஒரு லயத்துக் காம்பரா அளவுதான். ஓட்டிக்கிட்டே இருந்தா கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள தாண்டிப் போயிடுறோம். நின்னு எடுக்குற கொழுந்த ஓடி எடுக்க முடியுங்களா?"

கடைக்கு ஆள் வந்து வெயில் காலத்து ஏரிக்கு என்ன சாமான் என்று கேட்டால் இனி இதைத்தான் சொல்லப்போகிறேன்: முதலில் கரையைப் பார், எந்தச் செடி வாடவில்லை என்று பார். பிறகு பெட்டியைத் திற.

செவ்வாய்க்கிழமை, தொரையின் கடிதம் கைக்கு வந்த மறுநாள், பதுளைக்கு ஒன்றாகவே வந்தோம். எனக்கு ரயில், அவளுக்கு ஏஜென்ட் ஆபீஸ். போகாததற்குக் காரணம் கேட்டார் ஏஜென்ட். "இங்கயே வேல கெடச்சிருச்சுங்க" என்றாள். அவர் இழுப்பறையைத் திறந்து, அடுக்கில் தேடி, பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். ராணி அதைத் திறந்து தன் போட்டோவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

ஸ்டேஷனில் என் சாமான் பெட்டியை அவளிடமே கொடுத்துவிட்டேன். மழை வந்தால் உதவும். பூட்ஸையும் கொடுத்தேன். பெட்டியைத் திறந்து, தூண்டில் முட்களுக்கும் தேக்கரண்டிகளுக்கும் அடியில் பாஸ்போர்ட்டை வைத்து மூடினாள். அதைப் போய் அங்கே வைக்கிறாயே, பத்திரமாக வைக்க வேண்டாமா என்றேன்.

"எனக்கு எதுக்கு அத்தான்?" என்றாள். "இனி வெளிநாட்டுக்காரங்க பாஸ்போர்ட்ட எடுத்துக்கிட்டு இங்க வரட்டும்."